புதன்கிழமைப் பல்வலி

“புதன்கிழமை நாலு மணிக்கா? எதுக்கு?” என்று கேட்ட மேலாளர், மேஜைமேல் கோணலாகக் கிடந்த ஸ்டேப்ளரை நேராக்கினார்.

குருவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். குளியலறையிலும் அடுப்படியிலும் சிக்னலிலும் ஒத்திகை பார்த்த வாக்கியம்தான்.

“டாக்டர்கிட்ட போகணும் சார். எனக்கு ஓசிடி இருக்கு.”

மேலாளர் சிரித்தார்.

“இவ்வளவுதானா? எனக்கும்தான் இருக்கு. நான் என்ன ஊரைக் கூட்டி லீவா கேக்குறேன்?”

“இல்ல சார், எனக்கு நிஜமாவே...”

“உன் மேஜையைப் பாத்துட்டுச் சொல்லும்மா.”

கண்ணாடிக் கதவு வழியாக இருவரும் அவள் மேஜையைப் பார்த்தார்கள். காகிதங்கள், மூடி தொலைந்த பேனாக்கள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், யாரோ பஸ்ஸில் விட்டுப்போன ஒற்றைக் கையுறை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நடுவில் அவள் கை வைக்க மட்டும் ஒரு குழி இருந்தது. அந்தக் கூட்டைப் பார்த்துத்தான் அவளுக்குக் குருவி என்ற பெயரே வந்தது.

“இதுக்குப் பேரு ஓசிடின்னா, என் வீட்டுப் பரணுக்கும் டாக்டரைக் கூட்டிட்டு வரணும்” என்றார் மேலாளர்.

வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பார்வையை மறைக்கவும் தெரியாது, பேச்சை மறைக்கவும் தெரியாது.

அது ஒரு பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் பிரிவு. பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற குடை, பை, டிபன் பாக்ஸ், செயற்கைப் பல் முதலான சகலமும் அங்கேதான் வந்து சேரும். தேடி வருகிறவர்களிடம் விசாரித்து, உரியவர்தான் என்று உறுதியானபின் எடுத்துக் கொடுப்பது குருவியின் வேலை.

அங்கே ஓசிடி இல்லாதவர்களே கிடையாது. டீக் கோப்பைகளின் காதெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பார் கவுன்ட்டர் அக்கா; கேட்டால் “எனக்கு ஓசிடிப்பா” என்பார். ஸ்டோர் அண்ணன் சட்டையை இஸ்திரி போடாமல் போடமாட்டார், அவருக்கும் அதேதான். மேலாளரோ சாயங்காலம் படி இறங்கிப் போனபின் திரும்பி வந்து, கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “என்ன பண்றது, ஓசிடி!” என்று கையை விரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். புதுச் செருப்பு வாங்கினவர்கள் காலை நீட்டிக் காட்டுவதுபோல் ஆளுக்கு ஆள் தங்கள் ஓசிடியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குருவிக்கு இருந்தது காட்டிக்கொள்கிற மாதிரியான சங்கதி அல்ல. ஸ்கூட்டரில் போகும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ‘யாரையோ ஏத்திட்டே’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். கண்ணாடியில் பார்த்தால் சாலை காலியாக இருக்கும். இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பாள். அங்கே பள்ளத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. சரி என்று கிளம்பினால், ‘பாக்கப் போற வழியில இன்னொரு பள்ளத்துல ஏறினியே, அது?’ என்று குரல் மறுபடி பிடித்துக்கொள்ளும். சாலைகளில் பள்ளத்துக்கா பஞ்சம்? பஸ்ஸில் வரலாமே என்றால், பஸ்ஸும் குலுங்கும். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை எந்த டிரைவர் நிறுத்தி வைப்பார்?

வீட்டிலே அடுப்பு. வேலைக்குக் கிளம்பியதும் கணவனுக்குப் போன் செய்து, அணைத்தாயிற்றா என்று கேட்பாள். அவன் அணைந்த அடுப்பைப் படம் பிடித்து அனுப்புவான். “இது இன்னைக்கு எடுத்த படம்தானே?” என்று அடுத்த போன் வரும். பாவம், அந்த மனிதனின் போனில் கல்யாணப் படங்களைவிட அடுப்புப் படங்கள் அதிகம்.

மனது ஒரு பயத்தில் மாட்டிக்கொண்டு, சரிபார்த்தால்தான் விடுவேன் என்று அடம் பிடிக்கிற நோய் இது என்று சொன்னவர் அந்த டாக்டர். பழக்கினால் அடம் குறையும் என்றும் அவரே சொன்னார். அதற்கென்று பயிற்சி கொடுக்கிறவர் அவள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அவர் ஒருவர்தான். மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு விடுமுறை நாளில் முதல்முறை பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“இனிமே புதன்கிழமை நாலு மணி உங்களுக்கு. வரலைன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன். வெளியில எவ்வளவு பேர் காத்திருக்காங்கன்னு பாத்தீங்கல்ல?” என்றிருந்தார் டாக்டர்.

அதனால்தான் மேலாளரிடம் உண்மையைச் சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பொய் சொன்னால் அந்தப் பொய்யைச் சரிபார்ப்பதிலேயே அவளுக்கு ஒரு வாரம் போய்விடும்.

மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தவளைக் கவுன்ட்டர் அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“ஏண்டி, கேக்குறதைக் கொஞ்சம் நம்புற மாதிரி கேக்க வேண்டாமா? ஓசிடிங்கறவ மேஜை இப்படியா இருக்கும்? முதல்ல இதைச் சுத்தம் பண்ணு. அப்புறம் போய்க் கேளு.”

“ஓசிடின்னா சுத்தம் இல்லக்கா.”

“எனக்கே சொல்லிக் குடுக்கறியா? எனக்குப் பத்து வருஷமா இருக்கு.”

குருவி யோசித்தாள். நோய் இருப்பவள் நோய் இருப்பதுபோல் நடிக்க வேண்டுமாம். கோபம் வந்தது. ஆனால் புதன்கிழமை கோபத்துக்காக நிற்காது. மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுத்தம் செய்தாள். காகிதங்களை அடுக்கி, பேனாக்களை நிறவாரியாக நிறுத்தி, கையுறையை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

மேலாளர் அந்தப் பக்கம் வந்தார். நின்றார். முகம் வெளுத்தது.

“வேற கம்பெனியில வேலை கிடைச்சுடுச்சா?”

“ஐயோ, இல்ல சார்.”

“பின்ன ஏன் மேஜையைக் காலி பண்ணிட்ட?”

“ஓசிடி சார்.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் ஸ்டோர் அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. அவருடைய ஸ்டோர் ரூமில் குடைகள் மூங்கில் புதர்போல் வளர்ந்து கிடந்தன. எந்த வழித்தட பஸ்ஸில், எந்தக் கிழமை கிடைத்ததோ அந்தத் தட்டில் போட்டு வைப்பது அங்கே வழக்கம்.

“சார், இவ்வளவு அழகா அடுக்குற பொண்ணை வெளியில உக்கார வெச்சிருக்கோமே!” என்றார் ஸ்டோர் அண்ணன். “ஒரு ரெண்டு நாள் எனக்குக் குடுங்க.”

மேலாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தவர், வெறுமனே தலையாட்டிவிட்டுப் போனார்.

குருவி சலிக்காமல் அடுக்கினாள். இதையும் செய்து காட்டினால் யாரால் மறுக்க முடியும்? சிவப்புக் குடைகள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், கறுப்பு ஒரு சுவர் முழுக்க. பைகளும் அப்படியே, நிறவாரியாக. பார்க்கக் கண்காட்சிபோல் இருந்தது. கவுன்ட்டர் அக்கா உள்ளே நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் எப்படியோ தலைமை அலுவலகம்வரை போய், திங்கட்கிழமை காலையில் பெரிய முதலாளியே நேரில் வந்து நின்றுவிட்டார்.

“யாரும்மா இது பண்ணது?”

“நம்ம குருவிதான் சார்! அவளுக்கு ஓசிடி” என்றார் கவுன்ட்டர் அக்கா, தன் மகள் பரிசு வாங்கிய பெருமையோடு.

“பிரமாதம்! இந்த ஓசிடி நம்ம கம்பெனியில எல்லாருக்கும் வரணும்.”

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று குருவி நினைத்தாள். “சார், அதுக்குத்தான் புதன்கிழமை டாக்டர்கிட்ட...”

பெரிய முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“டாக்டரா? டாக்டர்கிட்ட போற அளவுக்கா?” என்று மேலாளர் பக்கம் திரும்பினார். “அப்படின்னா அது வேற விஷயமாச்சே. அந்த மாதிரி ஆளுங்ககிட்ட பொதுஜனங்க பொருளை நம்பி விடலாமா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

குருவி, மேலாளர் இப்போதாவது தன் பக்கம் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சத்தமாகச் சிரித்தார்.

“அட, நீங்க வேற சார். அவ சும்மா வேடிக்கைக்குச் சொல்றா. இங்க எல்லாரும் இப்படித்தான். நான்கூட ஓசிடிதான்!”

பெரிய முதலாளியும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதையாக, லீவு கேட்கப் போய் வேலைக்கே உலை வைத்துக்கொள்ள இருந்தாள். அதைவிட, தன் நோயைத் தன் கண்முன்னாலேயே ஒரு மனிதர் வேடிக்கை என்று சொல்லிவிட்டதுதான் அவளுக்கு வலித்தது. அன்றைக்கு மத்தியானம் அவருக்குப் போகவேண்டிய டீயை வேண்டுமென்றே ஆறவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. மழை பெய்தால் ஜனங்களுக்குக் குடை ஞாபகம் வரும். கவுன்ட்டரில் கூட்டம் கூடிவிட்டது.

“கறுப்புக் குடைங்க. ஏழாம் நம்பர் பஸ், வெள்ளிக்கிழமை” என்றார் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர்.

ஸ்டோர் அண்ணன் வழக்கம்போல் ஏழாம் நம்பர்த் தட்டுக்குப் போனார். தட்டு இருந்த இடத்தில் மஞ்சள் பைகள் இருந்தன. திரும்பி அந்தக் கறுப்புச் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க ஒரே மாதிரியான கறுப்புக் குடைகள்.

“குருவி! இதுல எது வெள்ளிக்கிழமை?”

குருவிக்கு அப்போதுதான் உறைத்தது. குடை எந்த பஸ்ஸில் வந்தது என்பதைச் சொன்னதே அது கிடந்த தட்டுதான். அவள் நிறம் பார்த்து அடுக்கியபோது, எல்லாக் குடைகளும் இரண்டாம்முறை தொலைந்துபோயிருந்தன.

மூக்குக்கண்ணாடிக்காரர் ஒரு குடையைக் காட்டி, இதுதான் என்றார். பேரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி வந்து, பிடியில் நகக்கீறல் போட்ட குடை என்றார். அந்தக் கீறலை மூக்குக்கண்ணாடிக்காரர் குடையில் பார்த்த ஞாபகம் கவுன்ட்டர் அக்காவுக்கு. ஸ்டோர் அண்ணன் இல்லவே இல்லை என்றார். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு குடையைப் பிடித்து இழுத்தார்கள்.

குருவியின் உள்ளே இருந்த குரலுக்கு இது போதாதா? ‘தப்பான ஆளுக்குக் குடுத்துட்டே. அந்தம்மா மழையில நனைஞ்சுக்கிட்டே போவாங்க. காய்ச்சல் வரும். அதுக்கு மேலயும் ஆகும். எல்லாம் உன்னாலதான்.’

அவள் போனை எடுத்தாள். மூக்குக்கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, அது உங்கள் குடைதானா என்று கேட்டாள். ஆமாம் என்றார். வைத்தாள். உறுத்தியது. மறுபடி கூப்பிட்டாள். பிடியைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். கீறல் இல்லை என்றார். வெளிச்சத்தில் பார்த்தீர்களா என்று கேட்க மறுபடி கூப்பிட்டாள். கடைசியில் அந்த மனிதர் நேராகத் திரும்பி வந்து, குடையைக் கவுன்ட்டரில் வைத்து, “தாயே, எனக்குக் குடையே வேண்டாம்” என்று கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார். குடையின் பிடி வழுவழுவென்று இருந்தது. கீறலே இல்லை.

கவுன்ட்டர் அக்கா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்தார். அவர் குரல் தாழ்ந்தது.

“என்னடி ஆச்சு உனக்கு? ஏன் இப்படிப் பண்ற?”

“இதுதான்க்கா” என்றாள் குருவி. அழுகை வந்துவிட்டது. “இதுதான் ஓசிடி.”

அக்கா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சீச்சீ, ஓசிடின்னா நீ அடுக்கினியே அந்த அலமாரி. இது வேற என்னமோ. இதுக்கு நீ டாக்டரைப் பாக்கணும்மா.”

குருவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

புதன்கிழமை வந்தது. மத்தியானம்வரை ஒரு வழியும் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார முடியாமல் தண்ணீர்க் குழாய்க்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கணவனுக்குப் போன் செய்தாள்.

“அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு” என்றான் அவன், எடுத்ததும்.

“அதில்லைங்க. இன்னைக்குப் போகலைன்னா அந்த நேரம் வேற யாருக்கோ போயிடும். மறுபடி வரிசையில கடைசியில நிக்கணும். என்னால முடியாதுங்க.”

அவன் உடனே ஒரு யோசனை சொன்னான்.

“பல்வலின்னு சொல்லு.”

“பொய்யா?”

“நிஜத்தைத்தான் சொல்லிப் பாத்தியே. அந்தக் கட்டடத்துல கீழே பல் டாக்டர், மேலே உன் டாக்டர். வேற யாரும் இல்ல. எங்கே போறேன்னு கேட்டா இடத்தையாவது சரியாச் சொல்லலாம். பாதிப் பொய்தான்.”

குருவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். அவ்வளவுதான், அலுவலகமே எழுந்து நின்றுவிட்டது. கவுன்ட்டர் அக்கா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். ஸ்டோர் அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். “பல் போனா சொல் போச்சும்மா, விளையாட்டா விடாதே” என்றார். பல்லைப் பிடுங்கிய அனுபவங்களை ஆளுக்கு ஆள் சொன்னார்கள். உனக்கா பல்வலி, பார்த்தால் தெரியவில்லையே என்று யாருமே கேட்கவில்லை. எனக்கும்தான் பல்வலி என்றும் யாரும் சொல்லவில்லை. இத்தனை அன்பு இத்தனை நாளும் எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேலாளர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“எந்த டாக்டர்கிட்ட போறே?”

குருவி கட்டடத்தைச் சொன்னாள்.

மேலாளர் அப்படியே நின்றார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். வீங்காத கன்னத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கீழ இருக்கற பல் டாக்டரா?”

“ஆ... ஆமா சார்.”

“சரி, கிளம்பு. ஆனா சீட்டு வாங்கிட்டு வரணும். வெறுங்கையோட வந்தா தலைமை அலுவலகம் ஒத்துக்காது.”

“சீட்டா சார்?”

“பல்லுக்குப் பாத்தோம்னு சீட்டு. டாக்டர்கிட்ட போய் நிக்காதே. ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்கும், அதுகிட்ட கேளு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பொல்லாத பல்வலியைக்கூட நம்பாத மனுஷனா என்று மனதுக்குள் வைதபடியே குருவி படி இறங்கினாள். பல்லைக் காட்டாமல் பல்லுக்குச் சீட்டு எப்படி வாங்குவது? பல்லைக் காட்டப் போனால் நாலு மணி போய்விடும். இல்லாத வலிக்கு இருக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டால்?

ஸ்கூட்டரை எடுத்தாள். முதல் திருப்பத்திலேயே ஒரு பள்ளம். சக்கரம் தடக்கென்று இறங்கி ஏறியது.

‘யாரையோ ஏத்திட்டே.’

திருப்பிக்கொண்டு போனாள். ஒரு நசுங்கிய பிளாஸ்டிக் பாட்டில் கிடந்தது. அதையும் குனிந்து பார்த்தாள். கிளம்பினாள். கடைத்தெரு தாண்டியதும் இன்னொரு பள்ளம். குரல் தயாராக இருந்தது. ‘இது பாட்டில் இல்ல. இது மெத்துன்னு இருந்துச்சு.’ கை தானாகவே வண்டியைத் திருப்பப் பார்த்தது. ஒரு குழந்தை, ஒரு கிழவர், ஒரு நாய் என்று குரல் ஒவ்வொருவராகப் படுக்க வைத்துக் காட்டியது. இப்போது திரும்பினால் டாக்டர் இல்லை. டாக்டர் இல்லை என்றால் ஆயுள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவள் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனாள். கண்ணீர் காற்றில் காதுப் பக்கம் ஓடியது. கொலைகாரி என்று குரல் கத்திக்கொண்டே கூட வந்தது. வந்தால் வரட்டும், டாக்டரிடம் சேர்ந்தே போவோம் என்று அவள் வேகத்தைக் கூட்டினாள்.

கட்டடத்து வாசலில் வண்டியைப் போட்டபோது நாலு மணிக்குச் சற்றே பாக்கி இருந்தது. கீழே கண்ணாடிக்குப் பின்னால் பல் டாக்டரின் ரிசப்ஷன். பக்கத்திலேயே மாடிப்படி. குருவி படியைப் பார்த்தாள், ரிசப்ஷனைப் பார்த்தாள். மேலே போனால் வைத்தியம், சீட்டு இல்லை. கீழே நின்றால் சீட்டு, வைத்தியம் இல்லை. சீட்டு இல்லாமல் போனால் எங்கே போனாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் பெரிய முதலாளிவரை போகும். வேலையும் போகும்.

ரிசப்ஷன் பெண் தலையைத் தூக்கினாள்.

“பல்லுக்காங்க?”

“ஆமா. இல்ல. அதாவது...” குருவிக்கு மூச்சு வாங்கியது. பொய் சொல்லத் தெம்பில்லை. “பல்லுல ஒண்ணும் இல்லைங்க. நான் மாடிக்குப் போகணும். ஆனா எனக்குப் பல்லுக்குப் பாத்ததா ஒரு சீட்டு வேணும். தப்புதான். என் மேனேஜர் சீட்டு இல்லாம விடமாட்டாரு. அவருக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாதுங்க.”

“எந்த ஆபீஸ்?”

“பஸ் கம்பெனி. தொலைந்த பொருள் பிரிவு.”

ரிசப்ஷன் பெண் முகம் மலர்ந்து, மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“ஓ, குருவி நீங்கதானா! இப்பதான் உங்க சார் போன் பண்ணாரு; நீங்க மேல போயிட்டு வாங்க, சீட்டை எழுதி வெக்கிறேன், ஆனா உங்களுக்கு முன்பல்லுன்னுதான் போடுவேன், ஏன்னா கடைவாய்ப் பல்லைச் சொல்லி வருஷக்கணக்கா அவருதான் மாசாமாசம் மாடிக்குப் போயிட்டிருக்காரு.”